பழைய காரில் பின்சீட் பெல்ட்: எஃப்.சி.க்குப் போகும் முன்

தொண்ணூறுகளில் வந்த மாருதி 800, அம்பாசடர் பலவற்றில் பின்சீட்டுக்கு பெல்ட்டே வரவில்லை. அதை இப்போது மாட்டித்தான் ஆக வேண்டுமா?

மத்திய மோட்டார் வாகன விதி 138(3) சொல்வது, கம்பெனி விதிப்படி பெல்ட் வைத்துக் கொடுத்த வண்டியில் டிரைவர், முன்சீட்காரர், முன்பக்கம் பார்த்து உட்காரும் பின்சீட்காரர் எல்லோரும் அதைப் போட வேண்டும் என்று. ஆகவே பெல்ட் இல்லாமலே தயாரான காருக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு 'பழைய வண்டி சார்' என்றால் எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் அபராதம் 1000 ரூபாய், அதுவும் வண்டி ஓட்டுகிறவர் தலையில்தான் விழும். 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளை பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் அப்படியே.

சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-ஐக் கொடுத்து, சென்னையில் கே.கே.நகரோ அயனாவரமோ, உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டுங்கள், இதைத்தான் எஃப்.சி. என்கிறோம். 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு 20 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணமே 10,000 ரூபாய். பசுமை வரி தனி.

போவதற்கு முன்னால் பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் கவர் தைக்கிறவர்கள் பக்கிளை உள்ளே தள்ளி மேலே ரெக்சினை இழுத்துவிடுவார்கள், பாதிக் கார்களில் பெல்ட் 'இல்லாமல்' போவது இப்படித்தான். நாடா ஓரம் பிசிறியிருக்கிறதா, வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா, பக்கிள் ஒரே அழுத்தில் விடுகிறதா என்று பார்த்தால் போதும்.

புதிதாக மாட்டுவதானால் கூரையைத் தாங்கும் பின் தூணிலும் கார்பெட்டுக்கு அடியிலும் தேடுங்கள். சில மாடல்களில் மரை போட்ட ஓட்டை பிளாஸ்டிக் மூடியோடு ஏற்கெனவே இருக்கும். அது இல்லாத இடத்தில் வெறும் தகட்டைத் துளைத்து வாஷர் போட்டு முடுக்கினால் மோதலில் தகடு கிழிந்து போல்ட் அப்படியே வந்துவிடும், பின்னால் கனமான பிளேட் வைத்து வேலை தெரிந்தவர் செய்ய வேண்டும். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பெல்ட் மோதிய காரிலிருந்து கழற்றியதாக இருக்கலாம், அதன் நாடா ஒருமுறை இழுபட்டு முடிந்தது, வேண்டாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உங்கள் மாடலைச் சொல்லிப் புதிதாகவே வாங்குங்கள். கையில் சாய்த்துப் பிடித்தால் நாடா சுற்றியிருக்கும் ரீல் பூட்டிக்கொண்டு நாடா வராது, அது பழுது இல்லை, நேராக வைத்து இழுத்துப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுப்பதை யோசிக்கலாம்.