கான்ஃபிகரேஷன்னா 'கட்டமைப்பு' இல்லீங்க

போன வாரம் ஒரு ட்ரெய்னிங் ஸ்லைடு, தமிழ் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்கன்னு வந்துச்சு. முதல் பக்கமே "மென்பொருள் கட்டமைப்பு மேலாண்மைத் திட்டம்". சாஃப்ட்வேர் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் ப்ளானைத்தான் அப்படி எழுதியிருந்தாங்க. இது எத்தனாவது தடவைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன். நம்மூர்ல கட்டமைப்புன்னா பாலம், ரோடு, குடிநீர்க் குழாய். சாஃப்ட்வேர் ஆளுங்க ஸ்ட்ரக்சருக்கும் அதையே போடறாங்க, ஃப்ரேம்வொர்க்குக்கும் அதையேதான். அதே ஸ்லைடுல அஞ்சாம் பக்கம் சர்வர், நெட்வொர்க் எல்லாமும் 'கட்டமைப்பு', அப்புறம் எதை மேலாண்மை பண்றோம்னு படிக்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

வேர் ரொம்ப சிம்பிள். லத்தீன்ல 'கோன்'னா சேர்ந்து, 'ஃபிகுரா'ன்னா உருவம். பல துண்டு சேர்ந்து நிக்கிற உருவம், அவ்ளோதான். கிரகங்கள் ஒண்ணுக்கொண்ணு எங்க நிக்குதுன்னு சொல்ல வானியல்ல இருந்துச்சு, கெமிஸ்ட்ரில சோடியத்தோட எலக்ட்ரான் அடுக்கை 2, 8, 1ன்னு எழுதறோமே, அதுவும் இதே வார்த்தைதான். 1960கள்ல அமெரிக்க ராணுவமும் நாசாவும் இதைப் பெரிய அளவுல கையில எடுத்தாங்க. ராக்கெட்ல ஆயிரக்கணக்கான பாகம், ஒவ்வொண்ணுக்கும் வரைபடம், வரைபடத்துக்குத் திருத்தம், இப்ப நிக்கிற இந்த ராக்கெட்ல இருக்கறது எந்தத் திருத்தம்? இந்தக் கேள்விக்குப் பதில் வெச்சிருக்கறதுதான் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட். அங்கருந்து சாஃப்ட்வேருக்கு வந்து, 1983ல அதுக்கு எப்படி ப்ளான் எழுதணும்னு ஐஇஇஇங்கற பொறியாளர் சங்கம் 828ன்னு ஒரு ஸ்டாண்டர்டே போட்டாங்க. எதையெல்லாம் கணக்குல வெக்கணும், யார் சொன்னா மாத்தலாம், இப்ப எது என்ன நிலையில இருக்கு, சொன்னதும் இருக்கறதும் ஒண்ணுதானா, இந்த நாலுதான் சாரம்.

சரி, கட்டமைப்பு வேணாம்னு சொன்னா உடனே 'உள்ளமைவு'ன்னு ஒரு கூட்டம் வரும். கெட்ட சொல்லுன்னு சொல்லல. போன்ல செட்டிங்ஸ் மாதிரி ஒரு பக்கத்துக்குப் போட்டா தாராளமாப் பொருந்தும், உள்ள போய் அமைச்சுக்கறோம். ஆனா இங்க 'உள்' எங்கங்க இருக்கு? நான் வேலை பாத்த ஒரு ப்ராஜெக்ட்ல டெஸ்ட் பண்ணது ஒரு லைப்ரரியோட (வெளிய இருந்து எடுத்துச் சேர்த்துக்கற ரெடிமேட் ப்ரோக்ராம்) 2.1 வெர்ஷன், லைவ்ல போய் உக்காந்தது 2.3, பில்லுல தேதியும் மாசமும் இடம் மாறி அச்சாகி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆளாளுக்கு எங்க ப்ரோக்ராமைத் துருவிட்டிருந்தோம். ப்ரோக்ராம்ல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல, உள்ளுக்குள்ள எல்லாமே அமைவாத்தான் இருந்துச்சு. எதோட எது சேர்ந்து போச்சுங்கறதுலதான் கோளாறு. லத்தீன்காரன் 'சேர்ந்து'ன்னு சொன்னதைக் கழட்டி வீசிட்டு 'உள்'ளுன்னு ஒண்ணை இவங்களா ஒட்டிக்கிட்டாங்க. 'கூட்டமைவு'ன்னு ஒருத்தர் சொன்னாரு, எண்ணம் சரி, ஆனா வேகமாப் படிச்சா கூட்டமைப்புன்னுதான் கண்ணு படிக்குது, கட்சிக் கூட்டணி ஞாபகம் வந்துடும்.

என் ஓட்டு 'இயைபு'க்கு. புதுசா ஒண்ணும் காய்ச்சல, ஸ்கூல்ல இயைபுத் தொடை படிச்சோமே, அடிகளோட கடைசி ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போறது, அதே சொல்லுதான். வளிமண்டலத்தோட இயைபுன்னு அறிவியல் பாடத்துலயும் உண்டு. எது எதோட சேர்ந்து ஒத்து நிக்குதுங்கறதை இதைவிட நேரா எப்படிச் சொல்றது? 'இயைபு மேலாண்மை'. வாய்க்கும் சுலபம். பேச்சுல கான்ஃபிக்னே சொல்லிக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல, தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்த தலைவலி 'மாற்ற மேலாண்மை'. ஹெச்ஆர் ஆளுங்க கம்பெனி மாறும்போது ஊழியர்களைத் தயார்படுத்தறதுக்கும் அதையே சொல்றாங்க. அந்தக் குழப்பம் இங்கிலீஷ்லயே இருக்கு, மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டக் கூடாது. ஆனா நமக்கு வேண்டியது மாத்தறதுக்கு ஒரு கடிவாளம், அதனால 'மாற்றக் கட்டுப்பாடு'ன்னு போட்டா தீந்துச்சு.

பேஸ்லைனுக்கு, அதாவது எல்லாரும் ஒத்துக்கிட்டு இதுதான்னு நிறுத்தி வெச்ச நிலைக்கு, அவங்க போட்டிருந்ததுக்குத்தான் மன்னிப்பே கிடையாது. 'அடிக்கோடு'! "அடிக்கோட்டை மாற்றக் குழுவின் அனுமதி தேவை"ன்னு ஒரு வரி. வார்த்தைக்குக் கீழ ஸ்கேல் வெச்சு இழுப்போமே, அந்தக் கோட்டை அழிக்க ஒரு குழு கூடிப் பேசுதுன்னுதான் எனக்குத் தோணுச்சு. கல்யாணப் பத்திரிகை அடிச்சவங்களுக்கு இது தெரியும், ப்ரூஃப் பாத்து ஓகேன்னு கையெழுத்துப் போட்டப்புறம் தாய்மாமன் பேரு விட்டுப் போச்சுன்னு ஓடினா அச்சகக்காரர் முதல்ல "அப்பாகிட்ட கேட்டாச்சா?"ம்பாரு. அந்தக் கையெழுத்துப் போட்ட தாள்தான் பேஸ்லைன். 'ஒப்புதல் படி'ன்னு மாத்தி அனுப்பியிருக்கேன். ஸ்லைடு இன்னும் திரும்பி வரல.