தோலோரெஸ்: துயரம் எப்படிப் பெயரானது?

ஸ்பானிய மொழியில் தலைவலிக்கு 'தோலோர் தெ கபேசா' என்று பெயர். அந்த 'தோலோர்' பன்மையானால் தோலோரெஸ்: வலிகள், துயரங்கள். ஆசையாய்ப் பெற்ற மகளுக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? முழுப் பெயரைக் கேட்டால் விளங்கிவிடும்: மரியா தெ லோஸ் தோலோரெஸ், துயரங்களின் மரியாள். பிலார், மெர்செதெஸ், சோலெதாத் எல்லாம் இப்படி மரியாளின் பட்டங்களிலிருந்து சுருங்கிய பெயர்களே.

அவளுடைய துயரங்கள் ஏழு என்பது கத்தோலிக்க மரபு. கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடியது ஒன்று. பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் எருசலேமில் மூன்று நாள் தேடியது ஒன்று. கடைசியில் அவன் உடலை அடக்கம் செய்தது ஒன்று. தென் ஸ்பெயினின் அந்தாலூசியா ஆலயங்களில் இந்தத் தாயின் சிலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கையில் சரிகைக் கைக்குட்டை, கன்னத்தில் கண்ணாடியால் செய்த கண்ணீர்த் துளிகள்.

மெக்சிகோவில் இது ஊர்ப்பெயரும் ஆனது. 1810 செப்டம்பர் 16 அன்று பாதிரியார் மிகெல் இதால்கோ விடுதலைக்கு அறைகூவல் விடுத்தது தோலோரெஸ் என்ற ஊரில்தான். ஸ்பெயினின் கம்யூனிஸ்ட் தலைவர் தோலோரெஸ் இபாரூரிக்கும் இதே பெயர்தான். வீட்டில் செல்லமாகக் கூப்பிட லோலா, லோலி.

வேர் இலத்தீன். ஒலிப்பில் முதல் எழுத்து 'த'வுக்கு நெருக்கம்; 'டோலரஸ்' ஆங்கில வழி வந்த உச்சரிப்பு.

சரி, தமிழில்? பெயராக நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: வியாகுல மேரி. செப்டம்பர் 15 வியாகுல மாதா திருநாள். இரண்டு பெயர்களும் அந்த ஒரே தாயைக் குறிப்பவை. ஆனால் வியாகுலம் வடசொல், அதில் கலக்கம்தான் முன்னால் நிற்கிறது. துயரம் மனதோடு நின்றுவிடுகிறது. வலி என்றால் உடம்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தோலோர் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல். அதற்கு ஈடு, என் கணிப்பில், 'நோவு'. பிள்ளைப்பேற்றில் இடுப்பு நோவு, சுடுசொல் கேட்டால் மனநோவு. யாழ்ப்பாணத்தில் இன்றும் தலை 'நோகுது' என்பார்கள். குறுந்தொகையின் நான்காம் பாட்டில் பிரிவால் வாடும் ஒருத்தி 'நோம்என் நெஞ்சே' என்று தொடங்குகிறாள். ஸ்பானியப் பெண்ணும் தலைக்கும் நெஞ்சுக்கும் ஒரே வினையைத்தான் சொல்வாள்: 'மே துவேலே', எனக்கு நோகிறது.