மறுபடியும் ஏன் அழுத்துகிறார்கள்?

காசிமேட்டில் மீன் வலை குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த இடம் கெட்டியாக, உள்ளே ஏதோ சிக்கியிருப்பதுபோலத் தெரியும். இழுத்துப் பரப்பினால் வெறும் மடிப்பு கலைந்துவிடும். முடிச்சு இருந்தால் அப்படியே நிற்கும்.

தண்டையார்பேட்டைப் பெரியம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். மேமோகிராம், அதாவது மார்பகத்தை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, எடுத்த மூன்றாம் நாள், இன்னும் இரண்டு படம் எடுக்க வேண்டும் என்று அழைப்பு வந்திருந்தது. "எதுனா இருக்கப் போயிதானே திரும்பக் கூப்புடுறாங்க?" என்றவர், முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

வழக்கமாக ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து கீழாக ஒன்று, சாய்வாக ஒன்று என இரண்டு படம் எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் கொழுப்பு கருமையாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் விழும். கட்டியும் பெரும்பாலும் வெள்ளைதான். சிக்கலே அங்கேதான். மேலும் கீழுமாக இருக்கும் திசுக்கள் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, இல்லாத கட்டி இருப்பதுபோலத் தோன்றலாம். இருக்கும் கட்டி மறைந்தும் போகலாம்.

அதற்குத்தான் 'ஸ்பாட் கம்ப்ரஷன்'. சிறிய பிளாஸ்டிக் தட்டால் சந்தேகமான இடத்தை மட்டும் அழுத்துவார்கள். அழுத்தம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்குவதால் அங்கே திசு விலகிப் பரவுகிறது. கையில் தட்டுப்படும் கட்டி என்றால், தோலின் மேல் சிறிய உலோக மணியை ஒட்டி அடையாளம் வைப்பார்கள். சில நொடிதான், ஆனால் வலிக்கும். அதைச் சொல்லித்தான் அழைத்துப் போக வேண்டும். படத்தில் தெரிந்த அந்த வெள்ளை நிழல் கலையாவிட்டால் அதன் விளிம்பைப் பார்ப்பார்கள். வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் சாதுவானது. நட்சத்திரம்போல முள்முள்ளாக நீண்டால் கவலைப்பட வேண்டும்.

படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் பொடிப்பொடியான கால்சியத் துகள்களுக்கு வேறு வழி. டார்ச்சுக்கு அருகே கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் பெரிதாகும் அல்லவா? அதுபோல மார்பகத்தை எக்ஸ்ரே குழாய்க்கு நெருக்கமாக உயர்த்தி வைத்து 1.5 முதல் 2 மடங்கு பெரிதாக்குவார்கள். நிழல் மங்காமலிருக்க, கதிர் புறப்படும் புள்ளியை 0.3 மில்லிமீட்டரிலிருந்து 0.1 மில்லிமீட்டராகக் குறைப்பார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கையில் கட்டி தட்டுப்பட்டால், மேமோகிராம் சுத்தமாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும், தேவைப்பட்டால் ஊசிவழித் திசுப் பரிசோதனையும் வேண்டும்.

பெரியம்மாவுக்கு அந்த நிழல் கலையவில்லை. விளிம்பு வழவழப்பாகவே இருந்தது. ஸ்கேனில் உள்ளே முழுக்க நீர், வெறும் நீர்க்கட்டி.