ப்ரீஆம்ப்ளிஃபயர்: முன் ஒலிபெருக்கியா, முற்பெருக்கியா?

ப்ரீஆம்ப்ளிஃபயரை ‘முன் ஒலிபெருக்கி’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்தினால் தேவலை. பெட்டியோடு வரும் தமிழ்க் கையேட்டிலும் அதுதான், வீடியோவில் விளக்குகிறவர் வாயிலும் அதுதான். பாளையங்கோட்டையில் ஒரு ஆடியோ கடையில் இதை நம்பி ஒரு பையன், “அண்ணாச்சி, முன் ஒலிபெருக்கி தனியா வாங்கணுமா?” என்று கேட்டான். “அதான் முன்னால ரெண்டு நிக்குல்லா, பொறவு எதுக்கு இன்னொண்ணு?” என்றார் கடைக்காரர். அவர் மேல் தப்பே இல்லை. ஹோம் தியேட்டர் வைத்திருப்பவருக்கு முன் ஒலிபெருக்கி என்றால் டிவிக்கு இரண்டு பக்கமும் நிற்கிற ஸ்பீக்கர்தான்.

மூலம் லத்தீன்: ‘ப்ரே’ என்றால் முன், ‘ஆம்ப்ளுஸ்’ என்றால் அகன்றது, பெரியது. ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் ஆம்ப் பெருக்குவதற்கு முன்பே சிக்னலைப் பக்குவப்படுத்தித் தருவது இதன் வேலை. எந்தக் கருவியைக் கேட்பது, எவ்வளவு சத்தம் வைப்பது என்பதெல்லாம் இதன் பொறுப்பு.

‘ஒலி’ இங்கே எங்கிருந்து வந்தது? இந்தப் பெட்டிக்குள் ஓடுவது மின்சாரம். ஒலி பிறப்பது ஸ்பீக்கரில். நம் ஊர்க் கோயில் கொடைக்கு வரும் மைக் செட்காரர் மரத்தில் கட்டுவதைக் குழாய் என்பார், மேஜையில் வைப்பதை ஆம்ப் என்பார். ஒருநாளும் மாற்றிச் சொல்லமாட்டார். கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை என்று காவல்துறை சொல்வதும் அந்தக் குழாயைத்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் பள்ளிப் பாடநூல் டிரான்சிஸ்டர் பாடத்திலேயே ‘பெருக்கி’ என்று நல்ல சொல் கொடுத்திருக்கிறது. பெருக்குவது என்றால் வீடு கூட்டுவது ஆகாதா என்று மதுரைப் பக்கத்து நண்பர் கிண்டல் செய்தார். திருநெல்வேலியில் நாங்கள் வீட்டைத் தூத்துவோம், எங்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

அடுத்தது ‘முன்’. தமிழில் இது இடத்துக்கும் வரும், காலத்துக்கும் வரும். இடமானால் பெரும்பாலும் முன்பக்கம், முன்பல் என்று அப்படியே நிற்கிறது. காலமோ வரிசையோ ஆனால் முற்பகல், முற்பிறவி என்று திரிகிறது. முன்பணமும் முன்பதிவும் இதற்கு அடங்குவதில்லை; இருக்கட்டும். சிக்னல் போகிற வரிசையில் முந்தி நிற்கிற கருவிக்கு ‘முற்பெருக்கி’ என்பதே என் ஓட்டு. ‘முன்பெருக்கி’ என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன். ‘முன் ஒலிபெருக்கி’ என்றால் வருவேன்.

சொல் தெளிவானால் அந்தப் பையனின் கேள்விக்குப் பதிலும் எளிது. ஒரே பெட்டியாக வரும் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் என்றால் முற்பெருக்கி உள்ளேயே இருக்கிறது. பவர் ஆம்ப் மட்டும் தனியாக வைத்திருந்தாலும், சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும். பெரும்பாலான பவர் ஆம்ப்களுக்கு அது தாராளம். டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றுகிற டிஏசியில் வால்யூம் திருகும் இருந்து, அது ஒன்றை மட்டும் கேட்பவர் நேராகவே இணைக்கலாம். மூன்று நான்கு கருவிகளை மாற்றி மாற்றிக் கேட்பவருக்கும், பவர் ஆம்ப் வரை நீள வயர் இழுப்பவருக்கும் தனி முற்பெருக்கி உதவும்.

இசைத்தட்டு சமாசாரம் வேறு. காந்தம் அசைகிற ‘மூவிங் மேக்னட்’ வகை ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட், சிடி தருவதில் 400-ல் ஒரு பங்கு. போதாததற்கு, தட்டில் கனத்த ஒலியைக் குறைத்தும் கீச்சொலியைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். 1954-இல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) வரைமுறைப்படி அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஃபோனோ ஸ்டேஜ் என்கிற அந்தப் பகுதி ஆம்பிலோ பிளேயரிலோ இல்லாவிட்டால் தனியாக வாங்கியே ஆகவேண்டும். அதை நான் ‘தட்டு முற்பெருக்கி’ என்று எழுதுகிறேன். கையேட்டில் ‘ஒலிப்பதிவு மேடை’ என்று போட்டிருக்கிறார்கள். ஸ்டேஜ் என்றதும் மேடை! சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பதைக் குறிக்கும் கெயின், அதே கையேட்டில் ‘லாபம்’. மொழிபெயர்த்தவர் ஒரு தடவையாவது அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கலாம்.