முதுமையில் வீடு மாறிய நாய்கள்

பெங்களூரிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தர்மபுரி என்று வந்து தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. இந்தச் சாலையோரம் டீக்கடை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கழுத்தில் பட்டையோடு, போகிற காரையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு நாய் நின்றால், "யாரோ இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். குட்டியாக இருந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாள்கணக்கில் நிற்பவை பெரும்பாலும் கிழடுகள்தான்.

1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவில், பசி தாகத்தில் வாடும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அதே கடையில் இரண்டு பேர் டீயும் போண்டாவும் சாப்பிட்டால் அதைவிடக் கூடுதலாக ஆகும். ஆகவே சட்டத்தை விட்டுவிட்டு, அந்தக் கிழடுகளை வீட்டுக்குக் கூட்டிப்போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் தர்மபுரியில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். மாடும் ஆடும்தான் பிழைப்பு. மாலை நேரம் நாய்களுக்கு. அங்கே நான் ஓயாமல் கேட்கும் வார்த்தை, "வயசாயிடுச்சுங்க டாக்டரம்மா, அதான்." படி ஏற மாட்டேன் என்கிறதா? வயசு. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறதா? வயசு. வாய் நாறுகிறதா? அதுவும் வயசு. குட்டியிலிருந்து வளர்த்தவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பாசம் குறைவு என்று சொல்ல மாட்டேன். தினமும் பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது படுவதில்லை, அவ்வளவுதான். கிழட்டு நாயைத் தத்தெடுத்தவர்களுக்கோ "முன்னெல்லாம் இப்படித்தான் ஓடும்" என்கிற கதையே கிடையாது. புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், எதற்கும் ஏன் என்று கேட்கிறார்கள். கேட்டால்தான் நோய் வெளியே வருகிறது. பிறந்து வளர்ந்த வீட்டில் கிடைக்காத வைத்தியம் கடைசிக் காலத்து வீட்டில் கிடைப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

மணி ஒரு லேப்ரடார். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கடைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவல் பார்க்கும் ஒருவர் அவிழ்த்துக்கொண்டு வந்தார். அவர் மனைவிதான் என்னிடம் முதலில் கேட்டார்: "கண்ணு ரெண்டும் நீலம் பாஞ்சிருக்குதே, குருடுங்களா?" குருடு இல்லை. வயதாக ஆக கண்ணின் லென்ஸ் நடுவில் இறுகி நீலமாகத் தெரியும். பார்வை ஏறக்குறைய அப்படியே இருக்கும். கண்புரை அப்படியல்ல, அது வெள்ளை வெளேரென்று பார்வையை மறைக்கும். அடுத்த கேள்வி பின்னங்கால். எழுந்திருக்க நாலு தடவை முயன்று விட்டுவிடுகிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருந்தன, கூடவே தாங்க முடியாத எடை. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு நாய்க்குரிய அளவில் வலி மருந்து, அளந்து சோறு, வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்கு விரிப்பு. வேறு மந்திரம் எதுவும் இல்லை. எடை இறங்க இறங்க, கால் நீட்டிப் படுத்துக் கிடந்தவன் அவரோடு தொழிற்சாலை கேட் வரைக்கும் இரவு நடை போக ஆரம்பித்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் நொண்டுகிறதே என்று வீட்டில் இருக்கும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். இரைப்பையில் புண் வரும், கறுப்பாக மலம் போகும், சிறுநீரகம் பழுதாகும். கிழட்டு நாய்க்கு அந்தச் சேதத்தைத் தாங்கும் சக்தி இல்லை. (டைக்ளோபினாக்கை மாட்டுக்கே போடக்கூடாது என்று 2006-இல் தடை வந்தது, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம்.)

மாம்பழ சீசனில் இன்னொரு தொல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் சப்பிப் போட்ட கொட்டை கிடக்கும். நாய் அதை முழுசாக விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். விடாமல் வாந்தி, சாப்பிட மறுப்பு என்றால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

செவலை தெரு நாய். பென்னாகரம் சாலையில் ஒரு நிறுத்தத்தில் கிடந்தாள். பின்புறத்தில் ரத்தம் சொட்டும், பூக்கோசு போல ஒரு சதை தொங்கும். கல்லால் அடித்து விரட்டுவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இணைசேர்க்கையில் ஒட்டிப் பரவும் கட்டி அது, தெரு நாய்களிடம் சாதாரணம். பார்க்கத்தான் கோரம், புற்றுக்கட்டிகளிலேயே இவ்வளவு நன்றாகக் கரைவது அரிது. வின்கிறிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றினால், பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரத்தில் போய்விடும். செவலைக்கும் போனது. பிறகு கருப்பையையும் எடுத்துவிட்டோம். கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்க்கு, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கே உலை வைப்பதுண்டு. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துச் சோர்ந்து படுத்தால் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் இருக்கும் பிள்ளைகள், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா நாய்?" என்று சத்தம் போட்டார்களாம். ஆசிரியர் சொன்ன பதில்: "குட்டி எடுத்தா எங்களுக்கு அப்புறம் அதை யார் பாக்கறது? இதுக்கும் வயசாச்சு, எங்களுக்கும் வயசாச்சு. கணக்கு சரியா இருக்கு." தத்தெடுப்பைப் பற்றி நான் கேட்டதில் இதைவிடத் தெளிவான யோசனை இல்லை. எழுபது வயதுக்காரர் வீட்டில் லேப்ரடார் குட்டியைக் கொண்டுவந்து விடுகிற பிள்ளைகளிடம் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் அதை இழுத்துப் பிடித்து நடக்கப் போவது அவர்கள் அல்லவே.

டாமி பொமரேனியன். வளர்த்த பாட்டி இறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பால் ஊற்றும் அம்மா எடுத்துக்கொண்டார். சோறு தொடவில்லை, துக்கம் என்று தெருவே சொன்னது. துக்கமும் இருந்திருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பற்கள் காரை ஏறி, வேரில் சீழ் பிடித்திருந்தன. பிடுங்கிப் போட்டு வாய் ஆறியதும், கறிச்சாறு ஊற்றிக் குழைத்த கேழ்வரகுக் களியை உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளினான். (வெங்காயம் போட்ட குழம்பு மட்டும் வேண்டாம், நாய்க்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.)

மூவரும் இப்போது இல்லை. கடைசி நாட்களைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம், அதனாலேயே நாய்கள் தேவைக்கு மேல் கஷ்டப்படுகின்றன. எப்போது போதும் என்று கேட்பவர்களிடம் நான் சில கேள்விகள் கேட்பேன். கிண்ணச் சத்தம் கேட்டால் தலை தூக்குகிறதா? தானாக எழுந்து வாசல் வரை வருகிறதா? கழித்ததன் மேலேயே கிடக்கிறதா? நல்ல நாள், கெட்ட நாள் என்று காலண்டரில் குறித்து வரச் சொல்வேன். கெட்ட நாட்கள் மிஞ்சும்போது வீட்டாருக்கே தெரிந்துவிடும். கருணைக்கொலையில் முதலில் மயக்க ஊசி, நினைவு போன பிறகே நரம்பில் மயக்க மருந்து அதிக அளவில். இதயம் நிற்பது அதற்குத் தெரியாது. கண் திறந்தே இருக்கலாம், கடைசியில் ஒரு பெருமூச்சு வரலாம், வலி அல்ல. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் பல வருடம் நெஞ்சை அறுக்கும். முடிந்தால் வெளியே போய் நிற்காதீர்கள். அதற்குத் தெரிந்த கை உங்களுடையதுதான்.

அந்த மருந்து உடலில் தங்கும். நரியோ தெரு நாயோ தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. நல்ல ஆழமாக, கிணற்றுக்குத் தள்ளிப் புதையுங்கள். ஏரியில் வீச வேண்டாம். மணியை மாந்தோப்பில் புதைத்து மேலே ஒரு கல் நட்டார்கள். நாய்க்குக் கல்லா என்று உறவுக்காரர் சிரித்தாராம். அவருக்கு இதைச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினேன்: ஊத்தங்கரையைத் தாண்டிச் செங்கம் பக்கம் போனால் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. அதில் அவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளரைக் கடித்து அவனைக் காத்து நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடம் ஆகிறது.

கிழட்டு நாயை எடுக்க நினைப்பவர்கள் முதல் வாரத்திலேயே கூட்டிக்கொண்டு வாருங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்ட சீட்டு இல்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ரத்தம், உண்ணிக் காய்ச்சல், பல், மூட்டு நான்கையும் பார்த்துவிடலாம். வயிற்று ஸ்கேன் தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதித் தருவேன். கையில் ஒரு பழைய துண்டு கொண்டு வாருங்கள், எங்கள் மேசை வழுக்கும். பழைய பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. வருகிற வழியில் ஒன்று வைத்துக்கொண்டு வந்தால் சீட்டில் எழுத வசதியாக இருக்கும்.