மாத்திரைப் பை கையிலேயே இருக்கட்டும்: முதல் தடவை கப்பல் ஏறும் குடும்பங்களுக்கு

சில வருடங்கள் பயணிகள் கப்பலில் மருத்துவராக இருந்துவிட்டு இப்போது கரையில் கிளினிக் வைத்திருக்கிறேன். கப்பலில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும், சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "வாந்தி வராம இருக்க ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டர்." எழுதித் தருகிறேன். ஆனால் கப்பல் கிளினிக்கில் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது பெரும்பாலும் வாந்தி இல்லை. வீட்டிலிருந்தே கூட வந்த சர்க்கரை, பிரஷர், இதய நோய், பலவீனமான முழங்கால் இவைதான்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா சுற்றுலாக் கப்பல் கிளம்பியபோது பலருக்குக் கப்பலில் போகும் ஆசை வந்தது. அதற்கு முன்பும் பின்பும் நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் ஏறுவது சிங்கப்பூரில். மூன்று, நான்கு இரவுகள், நடுவே பினாங்கு அல்லது புக்கெட். ஒரே குடும்பத்தில் பேரன் முதல் பாட்டி வரை பத்துப் பேர் சேர்ந்து வருவார்கள். டிக்கெட் போடுகிறவர் நாற்பது வயதுக்காரர். அவர் தன் கண்ணோட்டத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வார். கூட்டத்தில் சின்னவரையும் பெரியவரையும் வைத்துத்தான் கேபினையும் நேரத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

கப்பலில் இருப்பது கிளினிக், ஆஸ்பத்திரி இல்லை. டாக்டர், நர்ஸ், ஈசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, ட்ரிப்ஸ், இதயம் நின்றால் ஷாக் கொடுக்கும் கருவி இவ்வளவும் பெரிய கப்பல்களில் இருக்கும். சிடி ஸ்கேன் பொதுவாக இருக்காது. அறுவை சிகிச்சை கிடையாது, ரத்த வங்கி கிடையாது. நிலைமை மோசமானால் அடுத்த துறைமுகம் வரும்வரை தாக்குப்பிடிக்க வைப்போம். கரை எட்டும் தூரத்தில் இருந்து, வானிலையும் சரியாக இருந்தால்தான் ஹெலிகாப்டர். பார்க்கும் வைத்தியத்துக்குக் கட்டணம் உண்டு, அது கேபின் கணக்கில் ஏறும். அதனால் பயணக் காப்பீடு எடுக்கும்போது கடலிலிருந்து அவசரமாக வெளியேற்றும் செலவு அதில் அடங்குமா என்று பாருங்கள். பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும் என்று சர்க்கரை நோயை மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் கம்பெனி அதைக் காரணம் காட்டியே கைவிரித்துவிடும்.

ஏறும் நாளில் துறைமுக வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை கேபின் வாசலுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும், சில சமயம் இரவுச் சாப்பாட்டு நேரம்கூட. மதிய மாத்திரை, இன்சுலின், குழந்தையின் பால் பவுடர், இன்ஹேலர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மருந்து முழுவதும் தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். மருந்துச் சீட்டின் நகலும் கடைசியாக எடுத்த ஈசிஜியும் கைபேசியில் இருந்தால் போதும். நெஞ்சு வலிக்கிறது என்று வருகிறவரிடம் பழைய ஈசிஜி இருந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் போன்றவற்றுக்கு அங்கே முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பாட்டியின் தூக்க மாத்திரையின் பெயரை அந்த நாட்டு சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். கசகசாவுக்கும் அங்கே தடை, மசாலாப் பொடி கொண்டுபோகிறவர்கள் கவனிக்க. எலெக்ட்ரிக் கெட்டில், இஸ்திரிப்பெட்டி, குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் தீ ஆபத்து என்று கப்பலில் ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். வெந்நீர் கேட்டால் தருவார்கள், அதற்காகக் கெட்டிலைச் சுமக்க வேண்டாம்.

சரி, வாந்திக்கு வருவோம். கண் 'அறை அசையவில்லை' என்கிறது, உள்காது 'அசைகிறோம்' என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. உயரமான தளத்தில் முன்மூலையில் பால்கனி அறை எடுத்துவிட்டு வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது. வங்காள விரிகுடா அக்டோபர் முதல் டிசம்பர் வரை அப்படி இல்லை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடலும் அப்படி இல்லை. தேதி உங்கள் கையில் இருந்தால் அதைப் பார்த்துப் போடுங்கள்.

இரண்டு வயதுக்குள் குழந்தைகளுக்குப் பயண வாந்தி அபூர்வம். அதிகம் அவதிப்படுவது இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை. வயதானவர்களுக்கு அது குறைந்துகொண்டே போகும். வீட்டில் 'பாட்டிக்குத்தான் ஒத்துக்காது' என்று பயந்துகொண்டிருப்பார்கள். பாட்டி ஜம்மென்று உட்கார்ந்திருப்பார், பேரன் பையில் முகத்தைப் புதைத்திருப்பான். மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி ஆரம்பித்தபின் விழுங்கினால் அதுவும் வெளியே வந்துவிடும். குழந்தை வாந்திக்கென்று வீட்டில் வைத்திருக்கும் ஒண்டான்செட்ரான் சிரப் பயண வாந்தியைத் தடுப்பதில் அவ்வளவாகக் கேட்காது. அதற்குரிய மருந்துகள் வேறு, அவோமின் போன்றவை. அவை தூக்கம் தரும். இரண்டு வயதுக்குள் குழந்தைக்கு அவோமின் வகை மருந்து கூடவே கூடாது, அதற்கு மேற்பட்ட வயதிலும் டாக்டர் சொல்லும் அளவில் மட்டும். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்கு இதே மாத்திரை சிறுநீரை அடைத்துவிடலாம். சிலவகை கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. எண்பது வயதில் குழப்பத்தையும் உண்டாக்கலாம். ஒரே அட்டையை வாங்கிப் பத்துப் பேருக்கும் பகிர்வது நம் பழக்கம், இந்த மாத்திரையில் மட்டும் அது வேண்டாம். இஞ்சி மரப்பா சிலருக்குக் கைகொடுக்கிறது. அதில் பாதி சர்க்கரை என்பதை மட்டும் சர்க்கரை நோய் உள்ள அப்பா நினைவில் வைத்தால் சரி.

பெரியவர்கள் விஷயத்தில் நான் அதிகம் பயப்படுவது உப்புக்கு. எழுபது தாண்டிய ஒரு அம்மா, மூன்றாம் நாள் இரவு, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சக்கர நாற்காலியில் வந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நின்றது. இதய பலவீனத்துக்காகப் பல வருடமாக நீர் மாத்திரை சாப்பிடுகிறவர். மருமகள் மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார். மற்ற மாத்திரைகள் எல்லாம் காலி, நீர் மாத்திரை மட்டும் இரண்டு நாள் கட்டத்தில் அப்படியே இருந்தது. "ஊர் சுத்தப் போற எடத்துல பாத்ரூம் எங்க தேடுறதுன்னு விட்டுட்டேன் தம்பி" என்றார். கூடவே பஃபேயில் சூப், ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் என்று எல்லாம் உப்பு. ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, விடியும்போது நிம்மதியாகப் படுத்தார். அது கப்பலுக்கே உரிய நோய் என்று நினைக்கும் அளவுக்கு இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும். மாத்திரையை நிறுத்தாதீர்கள், கரைக்குப் போகும் நாளில் அதை எத்தனை மணிக்குத் தள்ளிப் போடலாம் என்று கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது விழுவது. கேபின் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க உயரமாக ஒரு படி இருக்கும். வீட்டில் தட்டையான தரையில் நடந்து பழகிய கால் இரவில் அதில் இடறும். ஜன்னல் இல்லாத உள் கேபின் விலை மலிவு, ஆனால் விளக்கை அணைத்தால் கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. ஞாபக மறதி தொடங்கிய பெரியவரை அதில் போட்டால் நடுராத்திரி கதவைத் திறந்து தாழ்வாரத்தில் எங்கோ நடந்துபோவார். பேட்டரியில் எரியும் சின்ன இரவு விளக்கு ஒன்று கொண்டுபோங்கள், முடிந்தால் அவர் ஜன்னல் உள்ள அறையில், கூட யாராவது இருக்கத் தூங்கட்டும். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்களுக்கான கேபின்கள் சில மட்டுமே, முதலிலேயே கேட்க வேண்டும். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையை ஒட்டி நிற்கும், இறங்கி நேராக ஜார்ஜ் டவுன் நகரத்துக்குள் போகலாம். புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆளை ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகும். அந்தப் படகு மேலும் கீழும் ஆடும்போது கால் வைத்து இறங்க முடியாதவரை ஏற்ற மாட்டார்கள். இதை விற்பவர் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சர்க்கரைக்காரர்கள் கேபினில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு உணவகத்துக்குப் போக வேண்டாம். லிஃப்ட்டுக்கு ஒரு வரிசை, வாசலில் ஒரு வரிசை, அப்புறம் ஆர்டர். அதற்குள் சர்க்கரை இறங்கி, கை நடுங்க ஆரம்பித்துவிடும். தட்டு முன்னால் வந்தபின் போடுங்கள், சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். மேல்தளத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கால் மரத்தவர்களுக்கு வெயிலில் கொதிக்கும் தளம் கொப்புளம் போட்டபிறகுதான் தெரியும்.

குழந்தைகளுக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை, தொடர்ந்து பல நாள் கடலிலேயே போகும் பயணங்களுக்கு ஒரு வயது கேட்பார்கள். கர்ப்பிணி பயணத்தின் ஏதாவது ஒரு நாளில் 24-ஆவது வாரத்தில் நுழைந்துவிடுவார் என்றால் அநேகமாக அனுமதி இல்லை. பிரசவமோ குறைப்பிரசவக் குழந்தையோ பார்க்கும் வசதி அங்கே கிடையாது. டயப்பர் போடும் குழந்தையைப் பொது நீச்சல்குளத்தில் விட மாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் சரி. எல்லாக் கப்பலிலும் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பதில்லை. ஒரு பெரியவர் கைபேசியைப் பார்க்காமல் குளத்தை மட்டும் பார்த்தபடி முறைவைத்து உட்காருங்கள். பால்கனியில் நாற்காலியைக் கம்பியிலிருந்து தள்ளி வையுங்கள், குழந்தை இருக்கும்போது கதவைப் பூட்டுங்கள். இன்னொன்று யாருக்கும் தோன்றாது: கேபின் கதவு கனமானது. பால்கனிக் கதவும் அதுவும் ஒரே நேரத்தில் திறந்தால் கடல்காற்றில் படாரென்று அடித்துச் சாத்தும். கீல் பக்கம் வைத்த பிஞ்சு விரல் நசுங்கி வந்த குழந்தைகளுக்கு நானே தையல் போட்டிருக்கிறேன்.

பதின்வயதினருக்கு நீண்ட அறிவுரை எடுபடாது. கைபேசியை ஃபிளைட் மோடில் வைக்கச் சொல்லுங்கள், கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க் ரோமிங் பில் வீட்டுக்கு வந்தபின் கண்ணீர் வரவழைக்கும். போன் இல்லாததால் சந்திக்கும் இடமும் நேரமும் காலையிலேயே பேசி வைக்க வேண்டும். கரைக்குப் போனால் கப்பல் நேரத்தில் கடிகாரம் ஒன்று யாராவது கட்டியிருக்கட்டும். சிங்கப்பூரிலிருந்து இந்தோனேசியாவின் மேற்குப் பகுதி, தாய்லாந்து பக்கம் போனால் போன் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், கப்பல் உங்களுக்காக நிற்காது.

வயிற்றுப்போக்கு விஷயத்தில் வயது வித்தியாசம் கிடையாது. வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது, சோப்பும் தண்ணீரும் போட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவினால்தான் போகும். பஃபேயில் நூறு பேர் தொட்ட கரண்டியைத் தொட்டுவிட்டு, அதே கையால் பூரியைப் பிய்க்கிறோம். தட்டை மேசையில் வைத்துவிட்டு இன்னொரு முறை கை கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். வாந்தியோ பேதியோ வந்தால் மறைக்காமல் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். கேபினிலேயே இருக்கச் சொல்வார்கள் என்று பயந்து மறைப்பவர்களால்தான் அது ஒரு தளம் முழுக்கப் பரவுகிறது.

பாதுகாப்புப் பயிற்சியை இன்று பல கப்பல்களில் கைபேசியில் வீடியோவாகவே முடித்துவிடுகிறார்கள். பிறகு ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்கு ஒரு தடவை நேரில் போய் முகம் காட்ட வேண்டும். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன்பின்தான் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடக்க வேண்டும் என்று விதி வந்தது. ஏழு சிறு ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் அந்த இடத்துக்குப் போக வேண்டும். லிஃப்ட் கிடையாது. தாத்தாவைப் படிக்கட்டில் யார் கூட்டிப்போவது, குழந்தையை யார் தூக்குவது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். குழந்தை அளவு உயிர்காப்பு உடை கேபினில் இல்லாவிட்டால் ஊழியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

கடைசி இரவு பெட்டிகளை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் துறைமுகத்தில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் போடும் உடுப்பு, காலை மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, பல்செட் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, இரவு உடையோடு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இறங்கியபிறகும் இரண்டு மூன்று நாள் தரை ஆடுவதுபோல் இருப்பது சகஜம், தானே சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால், கப்பலில் போய் வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகவே சொல்லுங்கள். ஷவரிலும் சுடுநீர்த் தொட்டியிலும் தெறிக்கும் நுண் நீர்த்துளிகளால் பரவும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா தரும் நிமோனியாவுக்கு வேறு மருந்து எழுத வேண்டியிருக்கும்.