அடுப்படிச் சுவர் ரைல்ஸ்: முன்பக்கம் பார்த்து வாங்கினால் போதாது

அடுப்புக்குப் பின்னால் ஒட்டிய ரைல்ஸ் கெட்டுப்போனது என்று சொல்லும் வீடுகளில் போய்ப் பார்த்தால், ரைல்ஸின் முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பளபளப்பு அப்படியே இருக்கும். ரைல்ஸுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்ப இட்ட கிறவுட் என்ற பூச்சுத்தான் மஞ்சளாகி உதிர்ந்திருக்கும். சில இடங்களில் தட்டினால் உள்ளே வெறுமையாக ஒலிக்கும். மேடையும் சுவரும் சேரும் மூலையில் எறும்பு வரிசையாகப் போகும். கடையிலோ நிறத்தையும் பூவேலையையும் பார்த்தே பெரும்பாலானோர் தெரிவுசெய்கிறார்கள். ரைல்ஸின் முதுகு, இரண்டு ரைல்ஸுக்கு நடுவிலுள்ள இடைவெளி, பின்னாலுள்ள சுவர் ஆகிய மூன்றையும் விளங்கிக்கொண்டால் நிறத்தை எப்படி வேண்டுமானாலும் தெரிவுசெய்யலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 2012 இற்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் எழுந்த 550 சதுர அடி வீடுகள் பல இப்போது திருத்த வேலைக்கு வந்துவிட்டன. திருத்தம் என்றதும் முதலில் கை வைப்பது குசினியில்தான். விறகடுப்பு வெளியே பத்திக்குப் போகிறது, உள்ளே காஸ் அடுப்பு வருகிறது, சுவருக்கு ரைல்ஸ் வருகிறது. செலவு செய்வது ஒருமுறை என்பதால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும்.

சுவர் ரைல்ஸின் முகம் உண்மையில் கண்ணாடி. சிலிக்காவும் உலோக ஒட்சைட்டுகளும் கலந்த குழம்பைச் சுட்ட களிமண் உடலின் மேல் மெல்லியதாக ஊற்றி, 1,100 பாகை செல்சியசுக்குக் கிட்டச் சுடும்போது அது உருகிக் கண்ணாடிப் படையாகிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஒரு பகுதிதான். வெள்ளை ரைல்ஸுக்கு அந்த ஒளிபுகா வெண்மையைத் தருவது பெரும்பாலும் சிர்கோன் என்ற கனிமம். கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே புல்மோட்டையில் கரிய மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கனிமங்களில் அதுவும் ஒன்று. கண்ணாடியில் நுண்துளை இல்லாததால் எண்ணெயோ புளியோ உள்ளே போக வழியில்லை. தேசிக்காய்ப் புளியையும் பழப்புளியையும் அது தாங்கும். உண்மையான மாபிள் கல்லின் கதை வேறு. அது கல்சியம் காபனேற்று என்பதால் தேசிக்காய்ச் சாறு ஒரு சொட்டு விழுந்து சிறிது நேரம் நின்றாலே அந்த இடம் மங்கிவிடும். நாளாந்தம் புளி கரைக்கும் குசினியில் அதை ஒட்டுவது வீண்.

இனி முதுகு. கடையில் ரைல்ஸைத் திருப்பிப் பிடித்து நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் உறிஞ்சப்பட்டால் அது செரமிக் சுவர் ரைல்ஸ். தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சும் வகை அது. தண்ணீர் முத்துமுத்தாக அப்படியே நின்றால் போர்சிலின். அதன் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. இரண்டில் எது நல்லது என்று கடைக்காரரிடம் கேட்டால் விலை கூடியதைக் காட்டுவார். அடுப்படிச் சுவருக்குச் செரமிக்கே தாராளமாகப் போதும். போர்சிலினின் பலம் காலடியில் தேவைப்படும் பலம். சுவரில் யாரும் நடப்பதில்லை. தேய்மானத் தர எண்ணைக் காட்டிச் சுவர் ரைல்ஸை விற்பதும் அதே காரணத்தால் பொருளற்றது.

ஆனால் ஒட்டும் முறை முழுவதையும் தீர்மானிப்பது இந்த உறிஞ்சல்தான். செரமிக்கின் துளைகளுக்குள் சீமெந்துப் பால் நுழைந்து, உள்ளேயே பளிங்குகளாக வளர்ந்து கவ்விக்கொள்ளும். போர்சிலினில் நுழையத் துளை இல்லை. அதனால் வெறும் சீமெந்துச் சாந்து வைத்து ஒட்டிய போர்சிலின் சில மாதங்களில் முழுத்தகடாகக் கழன்று வரும். அதற்குப் பிளாஸ்ரிக் சேர்மம் கலந்த ரைல்ஸ் பசை கட்டாயம். பைக்கட்டில் சி2 (C2) என்ற தரம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் மேசன்மார் பலர் சீமெந்துச் சாந்திலேயே ஒட்டிப் பழகியவர்கள். செரமிக்குக்கு அந்த முறை தவறில்லை, ஆனால் ரைல்ஸை முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டதும் குமிழி வரும். குமிழி நின்ற பிறகும் வைத்து, மொத்தமாக அரை மணி நேரமாவது ஊறவிட்டு, எடுத்துச் சாய்த்து நிறுத்தி, மேல் ஈரம் வடிந்த பின் ஒட்ட வேண்டும். ஊறாத ரைல்ஸ் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். சீமெந்து இறுகுவதற்குத் தண்ணீர் தேவை. அது இல்லாவிட்டால் சாந்து இறுகாமல் மாவாகவே நிற்கும். பைக்கட்டுப் பசை பாவித்தால் இதற்கு நேர்மாறு: ரைல்ஸ் உலர்ந்திருக்க வேண்டும். பசையிலேயே நீரைப் பிடித்து வைக்கும் பொருள் இருக்கிறது. ஊறிய ரைல்ஸின் ஈரம் பசையைத் தளர்த்தி ரைல்ஸை வழுக்கி இறங்கச் செய்யும்.

இடைவெளிக்கு வருவோம், ஏனெனில் அழுக்கின் இருப்பிடம் அதுதான். ஒரு சதுர மீற்றர் சுவரில் 300க்கு 600 மில்லிமீற்றர் ரைல்ஸ் ஒட்டினால் கிறவுட் கோட்டின் மொத்த நீளம் ஏறக்குறைய 5 மீற்றர். 200க்கு 300 என்றால் 8 மீற்றருக்குச் சற்று மேல். ஒரு அங்குலச் சதுர மொசைக் என்றால் 74 மீற்றர்! படத்தில் மொசைக் அழகுதான். அடுப்புக்குப் பின்னால் அதை ஒட்டியவர் ஒவ்வொரு மாதமும் பல்துலக்கும் பிரஷோடு நிற்க வேண்டிவரும்.

சாதாரண கிறவுட்டும் சீமெந்துதான். அதில் நுண்துளைகள் உண்டு, காரத்தன்மையும் உண்டு. தாளிக்கும்போது தெறிக்கும் மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெயோடு சேர்ந்து துளைக்குள் போய்விட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுக்க முடியாது. புதுக் கிறவுட்டில் பட்டால் அந்தக் கறை மஞ்சளாகக்கூட நிற்காது, செங்கபிலமாக மாறும். மஞ்சள் பட்ட சீலையில் சவர்க்காரம் போட்டதும் சிவப்பது ஏனோ, இதுவும் அதனால்தான்: காரம் பட்டால் அந்தப் பொருள் நிறம் மாறும். ஆறுதலான செய்தி, அது வெளிச்சத்தில் சிதையும். சன்னல் வெயில் விழும் சுவரில் மஞ்சள் தானாகவே வெளிறும். இருண்ட மூலையில் அப்படியே தங்கும்.

அதனால் அடுப்புக்கு நேர்பின்னால் உள்ள சதுரத்துக்கு மட்டுமாவது எபொக்சிக் கிறவுட் இடலாம். இரண்டு கூறுகளைக் கலந்து இடும் பிசின் அது, துளை கிடையாது, மஞ்சளும் புளியும் இலகுவில் ஊறாது. விலை பல மடங்கு, வெக்கையில் விரைவாக இறுகும். சிறிது சிறிதாகக் கலந்து, இட்ட உடனேயே மேற்பரப்பைத் துடைக்க வேண்டும், இறுகிய பின் உரித்தெடுப்பது பெரும்பாடு. அதற்குக் காசு இல்லாவிட்டால் சாம்பல் அல்லது மண் நிறச் சீமெந்துக் கிறவுட் போடுங்கள். வெள்ளைச் சீமெந்தைத் தனியே குழைத்து அப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். கறையை முதலில் காட்டுவதும் அதுதான்.

கிறவுட் இட ரைல்ஸ் ஒட்டி 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கலக்கும் தண்ணீர் குடிக்கக்கூடிய தண்ணீராக இருக்கட்டும். கரையோர உவர்க் கிணற்று நீரைக் கலந்தால் உப்பு வெள்ளையாகப் பூக்கும். தண்ணீர் கூடினாலும் கெடுதி. உலரும்போது தண்ணீர் விட்டுப்போன இடமெல்லாம் துளையாகும், நிறமும் திட்டுத்திட்டாக மாறும்.

தண்ணீர் என்றதும் நிறத் தெரிவும் வந்துவிடுகிறது. வன்னியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினநீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைதான் சிங்குக்குப் பின்னாலுள்ள ரைல்ஸிலும் படிகிறது. நீரில் கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று, துளி காயும்போது காபனீரொட்சைட்டை விட்டுக் கல்சியம் காபனேற்றாகத் தங்குகிறது. கறுப்பு, கடும் நீலம், பளபளக்கும் மண்ணிறம் ஆகியவற்றில் ஒவ்வொரு துளியின் வட்டமும் தெரியும். வெளிர்சாம்பல், பால்வெள்ளை, மணல் நிறங்களில் தெரியாது. நீக்க வேண்டுமானால் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, ஒரு நிமிடத்துக்குள் நன்றாகக் கழுவிவிடலாம். கண்ணாடிப் படைக்கு அது ஒன்றும் செய்யாது, கிறவுட்டைத்தான் கரைக்கும். வேலை முடிந்ததும் சீமெந்துக் கறை போக்க ஐதரோகுளோரிக் அசிட் ஊற்றிக் கழுவுவது கூடவே கூடாது. முதல் நாளே கிறவுட்டைப் பாதி தின்றுவிடும், சிங்கையும் பைப்பையும் கறுக்க வைக்கும்.

பளபளப்பா, மங்கலா என்பதையும் எண்ணெயை வைத்துத் தீர்க்கலாம். மங்கல் ரைல்ஸின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டு, எண்ணெய்ப் படலம் அதில் பிடித்து நிற்கும். எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசமும் உண்டு. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் நிரம்பிய வகை, காற்றோடு இலகுவில் சேராது, துடைத்தால் வரும். நல்லெண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பாத கொழுப்பு. வெப்பத்திலும் காற்றிலும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, வாணிஷ் போன்ற பிசினாகும். பொரிப்பவர்கள், நல்லெண்ணெய் கூடப் பாவிப்பவர்கள் பளபளப்பான ரைல்ஸே எடுக்க வேண்டும். பிசின் ஏறிவிட்டால் வெந்நீரில் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்கலாம். கம்பி உரஞ்சியால் கீறக்கூடாது.

விறகடுப்பு உள்ளேயே இருக்கும் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. 600 மில்லிமீற்றர் ரைல்ஸ் ஒன்று 100 பாகை சூடானால் 0.4 மில்லிமீற்றர் அளவு நீளும். ஓரமெல்லாம் கிறவுட் இறுகிப் பிடித்திருக்க, நடுவில் மட்டும் சுவாலை பட்டு நீண்டால் ரைல்ஸ் வெடிக்கும் அல்லது கழன்று விலகும். சூடாக இருக்கும்போது தண்ணீர் தெறித்தால் இன்னும் மோசம். சுவாலை தொடும் இடத்தைச் சீமெந்துப் பூச்சாகவே விட்டு, ரைல்ஸை இரு பக்கமும் மேலேயும் நிறுத்திக்கொள்வதே சரியான வேலை. காஸ் அடுப்பையும் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள்.

சுவர் வேலையில்தான் பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். புகைக்கரியும் எண்ணெயும் ஏறிய பழைய பூச்சின் மேல் எந்தப் பசையும் நிற்காது, அது கரியைத்தான் பிடிக்கும், சுவரை அல்ல. பெயின்ற், சுண்ணாம்பு எல்லாவற்றையும் கொத்தி, கல் தெரியும்வரை இறக்கிப் புதிதாகப் பூச வேண்டும். புதுப்பூச்சை இரண்டு கிழமையாவது காயவிடுங்கள். பிறகு ஆறடி நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது.

எண்ணிக்கையைச் சதுர அடியில் மட்டும் போட்டால் ஏமாற்றும். எட்டடியும் ஆறடியுமாக எல் வடிவ மேடை, உயரம் இரண்டடி, 300க்கு 600 ரைல்ஸ் நிமிர்த்தி ஒட்டுவது என்று வைப்போம். பரப்பு 28 சதுர அடி, கணக்குக்கு 15 ரைல்ஸ். ஆனால் எட்டடிச் சுவர் 2,438 மில்லிமீற்றர். மூலையிலிருந்து தொடங்கி 2 மில்லிமீற்றர் இடைவெளியோடு எட்டு முழு ரைல்ஸ் ஒட்டினால் கடைசியில் 22 மில்லிமீற்றர் கீற்று வேண்டும். அவ்வளவு ஒடுக்கமாக வெட்டினால் உடையும், உடையாவிட்டாலும் பார்க்கச் சகிக்காது. நடுவில் ஏழு முழு ரைல்ஸ் வைத்து இரு பக்கமும் 161 மில்லிமீற்றர்த் துண்டு வைத்தால் சுவர் சமச்சீராகும். ஒரு ரைல்ஸிலிருந்து அப்படி ஒரு துண்டுதான் எடுக்கலாம், ஆக எட்டடிக்கு 9. ஆறடிச் சுவருக்கு ஐந்து முழுசும் இரு துண்டும், ஆக 7. மொத்தம் 16. பிளக் பொயின்றுக்குத் துளை வெட்டும்போது உடைவதற்கு மூன்றைச் சேர்த்து 19 வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி இலக்கம் இருக்க வேண்டும், ஒரே நிறப் பெயரில் வேறு தொகுதி வந்தால் சாயல் மாறும். இரண்டு ரைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்து ஓரத்தைப் பார்த்தால் வளைவும் தெரிந்துவிடும்.

ஒட்டும்போது பசையை ஐந்து குவியலாக வைத்து அழுத்தும் பழக்கத்தை விட வேண்டும். குவியல்களுக்கு நடுவே காற்றறை நிற்கும், அதுதான் பிறகு வெற்றொலியாகக் கேட்பது. 6 மில்லிமீற்றர் பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் கோடு கோடாக இழுத்தால் காற்று வெளியேற வழி இருக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் சன்னலைச் சாத்தி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ரைல்ஸுக்கு மட்டும் பசை பூசுங்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். பசை விரலில் ஒட்டாவிட்டால் மேலே தோல் கட்டிவிட்டது, சுரண்டி எறிய வேண்டியதுதான். முதல் ரைல்ஸை ஒட்டியவுடன் பிடுங்கிப் பார்க்கவும் வேண்டும். முதுகில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பசை படிந்திருந்தால் முறை சரி. சிங்குக்குப் பின்னால் முழுதாகவே படிய வேண்டும்.

மேடைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே 3 மில்லிமீற்றர் விட்டு ஒட்டி, அந்த இடைவெளியில் கிறவுட் இடாமல் சிலிக்கன் இடுங்கள். மேடையும் சுவரும் தனித்தனியே அசையும், கிறவுட் அசையாது. எறும்பு போகும் வெடிப்பு அங்கேதான் பிறக்கிறது. சுவர்கள் சேரும் மூலைக்கும் இதே விதி. சிலிக்கன் இடுமுன் இடைவெளி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இட்ட பிறகு ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. சீமெந்துக் கிறவுட்டை முதல் மூன்று நாளும் ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொடுங்கள், அதுவரை அந்த அடுப்பில் தாளிதம் வேண்டாம். மிஞ்சும் இரண்டு ரைல்ஸைப் பெட்டியின் தொகுதி இலக்கத் துண்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த முறை பைப் உடைந்து சுவரைக் கொத்தும்போது அந்தச் சாயல் கடையில் கிடைக்காது.